நாற்பத்து மூன்றாம் வில்லைக்கு நடந்த நேர்காணல்

பொறியியற் படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்துத் தேர்வின் மதிப்பெண் மட்டும் போதுமா, நேரில் அழைத்து நாலு வார்த்தை கேட்கவும் வேண்டுமா என்னும் வழக்கு எங்கள் பழைய அலுவலகத்தில் மீண்டும் எழுந்திருக்கிறது. அங்கே பணிபுரியும் இளையவர் ஒருவர் சென்ற மாதம் என் வீடு தேடி வந்து, "உங்க காலத்துல கம்ப்யூட்டர் கிடையாது. தப்பே வராம எப்படி சார் பார்த்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். தப்பே வரவில்லை என்று அவருக்கு யார் சொன்னார்களோ, அறியேன். வந்தது. ஒருமுறை, மிகச் செம்மையாக, ஒரு விதியும் மீறப்படாமல் வந்தது. அதை எழுதித் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

நான் வித்துவான் தேர்வில் தேறியவன். தமிழாசிரியர் வேலை கிட்டாமல், அறுபதுகளின் நடுவில், அடையாற்றில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த பொறியியற் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் எழுத்தராக அமர்ந்தேன். முதல் இரண்டாண்டுகளில் கற்றவை மூன்றே: எண்களை மேலிருந்து கீழே கூட்டிய பின் கீழிருந்து மேலே கூட்டிச் சரிபார்ப்பது, கூட்டுத்தொகையைச் சிவப்பு மையில் எழுதுவது, தவறாக எழுதிய எண்ணைப் பிளேடால் சுரண்டாமல் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, அவ்வெண்ணை வழங்கியவர் அனைவரிடமும் கையொப்பம் பெறுவது. இவற்றுள் கடைசியானது எத்தகைய மலை என்பதை மூன்றாம் ஆண்டில் அறிந்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் திருமலாச்சாரியார். தலைமுறை தலைமுறையாக மயிலாப்பூரில் குடியிருந்தவர். லஸ் முனையில் பேருந்து ஏறி, எட்டே முக்காலுக்கு வந்து, குடையை அதற்குரிய ஆணியில் மாட்டி, மேசைமேல் இருப்பவற்றையெல்லாம் அரை விரற்கடை நகர்த்தி வைத்த பின்னரே நாற்காலியில் அமர்வார். அவருக்குக் கோபம் வந்து நான் கண்டதில்லை. சங்கடமான தாள் எதுவும் கைக்கு வந்தால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திர நுனியால் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டு, "இதுக்கு ஒரு விதி இருக்கும்" என்பார். இருக்கும், ஏனெனில் விதிகளை இயற்றியவர் அவரே.

அவர் வாழ்நாள் முழுதும் போர் தொடுத்தது சிபாரிசுக் கடிதங்களின் மீது. ஆனி மாதம் பிறந்துவிட்டால் பெரிய மனிதர்களிடமிருந்து நாளொன்றுக்கு ஒரு கூடை கடிதம் வரும். ஒன்றையும் பிரிக்கமாட்டார். சணற்கயிற்றால் கட்டி, தபால் தராசில் நிறுத்து, "போன வருஷத்தைவிட அரை வீசை கூட. தேசத்துல கல்வி வளர்ந்துண்டு வரது, புலவரே" என்று சொல்லி, மாடியில் நேர்காணல் நடக்கும் அறையிலிருந்த பெரிய அலமாரியில் அடைத்து வைப்பார். அவ்வாறு பல்லாண்டுகளின் கடிதங்கள் அதில் இருந்தன.

அக்கடிதங்களைத் தோற்கடிக்க அவர் கண்ட வழி பின்வருமாறு. எழுத்துத் தேர்வுக்கு இருநூறு மதிப்பெண். அதில் கிடைத்ததை அறிவிப்புப் பலகையில் எண்வாரியாக ஒட்டிவிடுவோம். அடுத்து நேர்காணலுக்கு எழுபத்தைந்து: கூர்மைக்கு இருபத்தைந்து, பேச்சுக்கு இருபத்தைந்து, நடத்தைக்கு இருபத்தைந்து. முன்னிரண்டும் சுழியத்தில் தொடங்கி ஏறும். நடத்தை மட்டும் இருபத்தைந்தில் தொடங்கி, மாணவன் ஏதேனும் தகாதது சொன்னாலோ செய்தாலோ இறங்கும். நேர்காணலில் மொத்தம் இருபத்தைந்துக்குக் குறைந்தவன் எழுத்துத் தேர்வில் இருநூறே வாங்கியிருந்தாலும் தள்ளப்படுவான். இரண்டையும் கூட்டி வரும் வரிசையில் முதல் அறுபது பேருக்கு இடம்.

இதுவரை எல்லாக் கல்லூரிகளிலும் உள்ளதுதான். எங்கள் கல்லூரிக்கே உரிய சிறப்பு, நேர்காணல் அறைக்குள் எவனுக்கும் பெயர் கிடையாது என்பது. பெயர் தெரிந்தால் சாதி தெரியும். ஊர் தெரிந்தால் உறவு தெரியும். தகப்பனார் யாரென்று தெரிந்தால் எல்லாமே தெரியும். ஆகவே படம் ஒட்டிய விண்ணப்பங்கள் அரக்கு முத்திரையிட்ட பெட்டியில் கிடக்கும். மாணவன் வாயிலில் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைப் பெற்றுக்கொள்வான். வில்லையை வைத்திருப்பவனே விண்ணப்பதாரன் எனக் கொள்ளப்படுவான் என்பது ஒன்பதாம் விதி. உள்ளே போனவன் தான் யாரென்று சொல்ல வாயெடுத்தால் எச்சரிக்கை, ஒரு மதிப்பெண் குறைவு. சொல்லியே விட்டால் ஐந்து குறைவு. ஒருமுறை நேர்காணல் முடிந்த வில்லைக்கு மறுமுறை கிடையாது என்பது பதினான்காம் விதி. ஒளிவுமறைவு ஆகாதென்று இவ்விதிகள் அனைத்தையும் நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் பொடியெழுத்தில் அச்சிட்டிருந்தார். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தேர்வுக்குழுவில் மூவர். தலைவர், ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர். ஆறுகளின் குறுக்கே பாலங்கள் கட்டியவர். பாடப் புத்தகத்தை ஒப்பிக்கும் பையனைக் கண்டால் பல்லைக் கடிப்பார். அடுத்தவர் கணிதப் பேராசிரியர். விதிகளைத் திருமலாச்சாரியாரைவிட நன்றாக அறிந்தவர். மூன்றாமவர் அறக்கட்டளையின் பிரதிநிதி, பெரும்பாலும் உறங்குவார், விழித்திருக்கும்போது மற்ற இருவரும் போட்ட மதிப்பெண்ணை ஒப்புக்கொள்வார். மூலையில் சிறு மேசை போட்டு, அவர்கள் சொல்லும் எண்களைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. வாயிலில் நின்று வில்லை எண்ணைக் கூவி ஆளை உள்ளே அனுப்புவது ராயப்பேட்டை முனுசாமியின் வேலை.

அன்று காலை நாற்பத்திரண்டு பேர் வந்து போயினர். தலைவர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இந்த ரூம்ல எது முதல்ல விழும்?" சிலர் கூரை என்றனர். சிலர் ஈர்ப்பு விசையை வரையறுத்தனர். ஒருவன் தான்தான் விழுவேன் என்று சொல்லி, சொன்னபடியே நாற்காலியிலிருந்து சரிந்தான். தலைவர் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலியோடு தேநீர் கேட்டார்.

நாற்பத்து மூன்றாவதாக வந்தவன் மற்றவர்களைவிட ஓரிரண்டு வயது மூத்தவனாகத் தோன்றினான். அப்போதுதான் மடிப்புக் கலைந்த வெள்ளைச் சட்டை. கையில் சான்றிதழ்க் கோப்பு, விரலிடுக்கில் வில்லை. உட்காரவில்லை.

"சார், நான் யாருன்னா..."

"சொல்லக் கூடாது!" என்றார் பேராசிரியர். "எச்சரிக்கை ஒன்று."

"இல்ல சார், வெளிய ஒரு பய..."

"வெளியில இருக்கறவனைப் பத்தியும் சொல்லக் கூடாது. எச்சரிக்கை ரெண்டு. உட்கார்."

உட்கார்ந்தான். "ஒரே ஒரு வார்த்த சார், நான் வந்து..."

"மூணு!"

அவன் வாயை மூடிக்கொண்டான். தலைவர் அவனைச் சற்றே இரக்கத்துடன் பார்த்துத் தம் கேள்வியைக் கேட்டார். அவன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். தரையைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

"அந்த அலமாரிதான் சார்."

தலைவர் நிமிர்ந்தார். "ஏன்?"

"உள்ள காயிதக் கட்டுதான இருக்கு? துணிக் கட்டும் காயிதக் கட்டும் ஒண்ணு சார். பாக்க லேசாத் தெரியும், அடுக்கினா கருங்கல்லு. மேத்தட்டுல கொண்டுபோயி அடைச்சிருக்கீங்க. இது மாடி. பலகை அந்தப் பக்கம் எறங்கியிருக்குல்லா, கதவு தானாத் தொறந்து தொங்குதே, பாக்கலியா? இன்னும் ரெண்டு கட்டு ஏத்தினா போதும்."

"என்ன செய்யணும்?"

"மேல உள்ளதக் கீழ எறக்கணும். நடுவுல வைக்காம, அடியில உத்தரம் எங்க ஓடுதுன்னு பாத்து, அதுக்கு மேல செவுத்த ஒட்டி நவுத்தணும். இன்னைக்கே செய்யிங்க சார். கீழ யாரு உக்காந்திருக்காவ?"

கீழே உட்கார்ந்திருப்பவர் திருமலாச்சாரியார். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பிரமாதம்! எங்கேப்பா இதெல்லாம் கத்துக்கிட்டே?"

"கேட்கக் கூடாது" என்றார் பேராசிரியர்.

பிறகு ஏழு நிமிடக் கெடு முடியும்வரை அவர்கள் உத்தரத்தைப் பற்றியும் பாரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தனர். கூர்மைக்கு இருபத்து நான்கு, பேச்சுக்கு இருபத்தைந்து, நடத்தையில் மூன்று எச்சரிக்கை போக இருபத்திரண்டு. எழுபத்தொன்று. எங்கள் பதிவேட்டில் அதற்கு முன் அப்படியோர் எண் விழுந்ததில்லை. மூவரும் கையொப்பமிட்டனர். நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு எழுத்துத் தேர்வில் நூற்று எழுபத்தொன்று என்று பலகையில் ஒட்டியிருந்தது. கூட்டினால் இருநூற்று நாற்பத்திரண்டு, பட்டியலில் முதலிடம். மாலையில் நால்வர் சேர்ந்து அலமாரியை நகர்த்தினோம். அடியிலிருந்த பலகை ஓரிடத்தில் விண்டிருந்தது.

ஐந்தாம் நாள் பிற்பகல், பட்டியலைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரன் வந்தான். அவன் பின்னால், மெலிந்த பையன் ஒருவன் தலை கவிழ்ந்து நின்றான். பையன் ஒன்றும் பேசாமல் ஒரு கடிதத்தைத் திருமலாச்சாரியாரிடம் நீட்டினான். அவர் அதைப் படிக்குமுன், கையொப்பம் இருக்கும் அடிப்பகுதியைப் பின்புறமாக மடித்து மறைத்துவிட்டு, என்னிடம் உரக்கப் படிக்கச் சொன்னார்.

"ஐயா, நாற்பத்து மூன்றாம் வில்லை என்னுடையது. அன்று தங்கள் குழுவிடம் பேசியவர் என் தாய்மாமன். நான் அப்போது கிணற்றடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வாங்கிய மதிப்பெண் எனக்கு வேண்டா. என்னை ஒருமுறை அழைக்க வேண்டுகிறேன்."

வெள்ளைச் சட்டைக்காரனின் பெயர் தங்கபாண்டி. அவன் விண்ணப்பதாரன் அல்லன் என்பதால் பெயரைச் சொல்லத் தடையில்லை. தியாகராய நகரில் அக்காள் கணவர் நடத்தும் துணிக்கடையில் மாடிக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன். "பயலுக்கு நாலு பேரு முன்னால பேசணும்னா கொடலு மேல வந்துரும் சார். 'மாமா, பிடிங்க'ன்னு வில்லையும் பைலும் என் கையில குடுத்துட்டு ஓடினான். அதுக்குள்ள ஒங்க ஆளு வந்து என் கையப் புடிச்சிட்டாரு" என்றான்.

முனுசாமி அழைக்கப்பட்டார். வேலை போய்விடும் என்ற அச்சம் அவர் முகத்தில் தெரிந்தது, குரலில் தெரியவில்லை. "டோக்கன் கையில வச்சிக்கினு கீறான் சார். நான் இன்னா, அவன் ஜாதகமா பாக்க முடியும்?"

"நான் இல்லன்னு சொன்னேம்லா அண்ணே?" என்றான் தங்கபாண்டி.

"எல்லாரும் அத்தான் சொல்றான் நைனா! உள்ள போவச் சொன்னா ஒருத்தனாவது 'நான்தான்'னு வரானா? நீ இல்லன்னு சொன்னப்பவே, சரி, இவன்தான்னு கண்டுக்கினேன்."

திருமலாச்சாரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இம்முறை வெகுநேரம் துடைத்தார். "இதுக்கு ஒரு விதி இருக்கும்" என்று அவர் சொன்னபோது, அந்தத் தொடர் முதன்முறையாக வேண்டுதல் போல ஒலித்தது.

விதிகள் இருந்தன, அவையே தொல்லை. வில்லையை வைத்திருந்தவனே விண்ணப்பதாரன். எனவே சட்டப்படி விண்ணப்பதாரன் தங்கபாண்டி. ஆனால் எழுத்துத் தேர்வை எழுதியவன் பையன். நேர்காணல் முடிந்த வில்லைக்கு மறுநேர்காணல் இல்லை. எனவே பையனை அழைக்க முடியாது. எழுபத்தொன்றை அடிக்க வேண்டுமென்றால் காரணம் எழுதி மூவரும் ஒப்பமிட வேண்டும். காரணம் எழுதினால் வில்லைக்காரன் யாரென்று வெளிப்பட்டுவிடும். அது எல்லா விதிகளுக்கும் தாயான விதியைக் கொல்வதாகும். "இடுப்புக்கு மேலே ஒருத்தன், கீழே ஒருத்தனா இந்தப் பட்டியல்ல முதலாவதா நிக்கறான், புலவரே" என்றார். அன்று முழுதும் அதே கவலை. மறுநாள் காலை, ஒரே இடத்தில் இருவரைச் சேர்க்க முடியுமா என்றுகூட ஒரு குறிப்பு எழுதச் சொல்லிவிட்டு, பாதியில் கிழித்துப் போட்டார்.

அடுத்து வந்தவர் பையனின் தகப்பனார். மகன் கடிதம் கொடுத்ததை அறிந்து கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். அவருக்கு இதில் சிக்கல் எதுவும் புலப்படவில்லை.

"ஐயா, மாமன் வாங்கினா என்ன, மருமவன் வாங்கினா என்ன? காது குத்துக்கு மாமன் செய்யுதான், கல்யாணத்துக்கு மாமன் செய்யுதான். இதையும் தாய்மாமன் சீருன்னு வச்சிக்கிடுங்க. மொதல் எடத்துல நிக்கிற புள்ளைய, வாயத் தொறக்கத் தெரியாதவன, மறுபடி உள்ள அனுப்பி, இருபத்தஞ்சுகூட வாங்காமப் போனா? எடமே போச்சே! யாரு ஒன்ன உண்ம பேசச் சொன்னா?" கடைசிக் கேள்வி மகனை நோக்கியது. மகன் தரையைப் பார்த்தான்.

தகப்பனார் சொன்னதில் ஒன்று மட்டும் முற்றிலும் உண்மை. பேசாமல் இருந்திருந்தால் பையன் முதல்வன். பேசிவிட்டதால் இனி அவன் வாயிலிருந்து வரப்போகும் சொற்களே அவன் கதி. மூன்று பேருக்கு முன்னால் அவன் வாயிலிருந்து வரக்கூடியது யாதென்று கிணற்றடி அறியும்.

திருமலாச்சாரியார் மூன்றாம் நாள் ஒரு வழி கண்டார். அன்று வில்லையோடு பேசியவன் வேறொருவன் என்றால், அவ்வில்லை வழங்கப்படாதது போலாகி, பையன் அன்று வராதவன் ஆவான். உடல்நலக் குறைவால் வராதவர்க்கு வேறொரு நாள் கொடுக்க எட்டாம் விதி இடம் தருகிறது. உடல்நலக் குறைவுக்கு முனுசாமியே சாட்சி, ஏனெனில் கிணற்றடியைக் கழுவியவர் அவர். ஆனால் அதற்கு முன், முதலில் பேசியவன் வேறொருவன் என்பதைக் குழு உறுதிசெய்ய வேண்டும். அதுவும் யார் யாரென்று குழுவுக்குச் சொல்லாமல்.

குழு கூடியது. மாமனும் மருமகனும் அருகருகே நிறுத்தப்பட்டனர். "நாற்பத்து மூன்றாம் வில்லையோட வந்தது இவாள்ல யாருன்னு குழு சொல்லணும்" என்றார் திருமலாச்சாரியார்.

"இவன்!" என்று தங்கபாண்டியின் தோளைத் தட்டினார் தலைவர். "மறக்க முடியுமா? முதல் ஆள் இவன்தானே? சந்தோஷம். இந்தப் பையன் யாரு?"

"சொல்லக் கூடாது."

"எதுக்கு வந்திருக்கான்?"

"அதையும் சொல்லக் கூடாது" என்றார் பேராசிரியர். திருமலாச்சாரியார் நன்றியோடு தலையசைத்தார்.

தலைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஆள்மாறாட்டமா? இவன் பேர்ல சேர வந்திருக்கானா இந்தப் பையன்? போலீஸைக் கூப்பிடுங்கய்யா!"

பையனின் முகம் வெளிறியது. தங்கபாண்டிக்குப் பொறுக்கவில்லை. "சார், எத்தன மார்க்கு வேணும்னாலும் கொறச்சிக்கிடுங்க. நான் துணிக்கடையில மூட்ட அடுக்குதவன். எஸ்.எஸ்.எல்.சி. ரெண்டு வாட்டி பெயிலு. பரீச்ச எழுதினவன் இவன். அன்னைக்கு இதச் சொல்லத்தான் மூணு வாட்டி வாயத் தொறந்தேன். நீங்கதான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினீங்க."

அறக்கட்டளைப் பிரதிநிதி கண் விழித்து, "அப்படியே ஒப்புக்கொள்கிறேன்" என்றார்.

தலைவர் தங்கபாண்டியை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வருஷம் வந்ததுலயே பொறியாளன்னு சொல்லத் தகுந்தவன் நீ ஒருத்தன்தான்யா. பரீட்சை எழுதறியா? நான் சொல்லித் தரேன்."

"ஆடிக் கழிவு விக்கிற நேரம் சார். கிடங்க விட்டுட்டு வர முடியாது" என்று மரியாதையோடு மறுத்துவிட்டு அவன் வெளியே போனான். தலைவர் அவன் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பிடிக்காத மருந்தை எடுப்பவர் போலப் பையன் பக்கம் திரும்பினார். நான் பதிவேட்டில் புதுவரி எடுத்தேன். ஏழு நிமிடத்துக்கு மணி வைக்கப்பட்டது.

"இந்த ரூம்ல எது முதல்ல விழும்?"

பையன் அறையைப் பார்த்தான். அலமாரி உத்தரத்தின் மேல் சுவரை ஒட்டிப் பாதுகாப்பாக நின்றது. அவன் வாயைத் திறக்கவில்லை.

"பாலம் பாத்திருக்கியா? அடையாத்துப் பாலம்? அதுல தண்ணி எங்கே வேகமாப் போகும்?"

அதற்கும் வாய் திறக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், கைகள் மடியில், கண் தலைவர் மேல். கேள்வி கேட்கப்படும்போதெல்லாம் பணிவோடு தலையைச் சற்றே முன்னால் சாய்த்துக் கேட்டான். பேராசிரியர் எளிதான கணக்கொன்று கேட்டார். இல்லை. "பயப்படாதேப்பா, உனக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு சொல்லு" என்று அறக்கட்டளைக்காரரே இரங்கினார். இல்லை. ஏழு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் அறிந்தேன். மணி அடித்தது. பையன் எழுந்து மூவரையும் கும்பிட்டுவிட்டு, நாற்காலியை ஓசையின்றிப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

"சைபர்" என்றார் தலைவர். "எழுதுய்யா."

கூர்மையில் சுழியம் எழுதினேன். பேச்சில் சுழியம் எழுதினேன். நடத்தைக் கட்டத்தில் பேனா நின்றது.

"அதுலயும் சைபர்!"

"எதற்காக?" என்றார் பேராசிரியர். "இருபத்தஞ்சுல தொடங்குது. கழிச்சா காரணம் சொல்லணும். பேரைச் சொன்னானா? இல்லை. ஊரைச் சொன்னானா? குறுக்கே பேசினானா? எதிர்த்துப் பேசினானா? பொய் சொன்னானா? இத்தனை வருஷத்துல இவ்வளவு அப்பழுக்கில்லாத நடத்தையை நான் பார்த்ததில்லை."

"பேசவே இல்லையேய்யா!"

"பேச்சுக்குத்தான் சைபர் போட்டாச்சே. ஒரே குத்தத்துக்கு ரெண்டு தண்டனை கிடையாது."

தலைவர் திருமலாச்சாரியாரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "விதி அப்படித்தான் இருக்கு" என்றார், தம் குழந்தை அயல் வீட்டுச் சன்னலை உடைத்ததைக் கேட்ட தகப்பன் குரலில்.

இருபத்தைந்து. தள்ளப்படுவதற்கு ஒன்று மேலே. நூற்று எழுபத்தொன்றோடு நூற்றுத் தொண்ணூற்றாறு. முதலிடத்திலிருந்தவன் ஐம்பத்தெட்டாம் இடத்துக்கு வந்து நின்றான், ஆனால் அறுபதுக்குள்.

எஞ்சியது ஒன்றே. பதிவேட்டில் எழுபத்தொன்றை ஒற்றைக் கோட்டால் அடித்தாகிவிட்டது. பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். யாருடைய பெயரும், உறவும், தொழிலும் தெரியக் கூடாது, பொய்யும் கூடாது, நாளை எவரேனும் நீதிமன்றத்தில் படித்தாலும் நிற்க வேண்டும். "புலவரே, வித்துவான் படிச்சேரே, இப்பத்தான் அதுக்கு வேலை வந்திருக்கு. எழுதும்" என்றார் திருமலாச்சாரியார். அரை நாள் எடுத்துக்கொண்டேன். ஏழு வரைவுகள் அவரிடம் போய்த் திரும்பின. எட்டாவது நின்றது:

"முதன்முறை பேசியவர் இவரல்லர், இரண்டாம் முறை இவர் பேசவில்லை."

மூவரும் கையொப்பமிட்டனர். தலைவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இதற்குப் பாலமே கட்டிக்கொண்டிருந்திருக்கலாம் என்று முணுமுணுத்ததாக நினைவு.

பட்டியல் ஒட்டிய மறுநாள் பையன் சேர்க்கைப் படிவம் நிரப்ப வந்தான். தகப்பனார் கூட வரவில்லை. மாமன் வாயிலில் முனுசாமியோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றான். அறையில் நானும் திருமலாச்சாரியாரும் மட்டுமே. இனி விதி ஒன்றும் தடுக்காது என்ற துணிவில் நான் கேட்டேன்: "ஏன் தம்பி, ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கக் கூடாதா? எங்களுக்கு உயிரே போய்விட்டது."

அவன் நிரப்பிக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான். மெல்லிய, தெளிவான குரல்.

"சீட்டுக்குப் பின்பக்கம் போட்டிருந்தத, மாமா பேசிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி படிச்சேன் சார். நடத்தைக்கு மொதல்லயே இருபத்தஞ்சு குடுத்துருதீங்க. வாயத் தொறந்தாத்தான் கொறையும். நான் பேசினா மத்த ரெண்டுலயும் பெருசா ஒண்ணும் ஏறப்போறதில்ல. தப்பா ஏதாவது ஒளறி இதுல எறங்கிட்டா, தள்ளிருவீங்க. போன வருசப் பட்டியல் இன்னும் பலகையில இருக்கு. கடைசி ஆளு நூத்தித் தொண்ணூத்தி நாலு. எனக்கு நூத்தித் தொண்ணூத்தியாறு வருது. ரெண்டு மார்க்கு மிச்சம்." கையொப்பமிட்டு மையை ஒற்றினான். "பாலத்துல தண்ணி வேகமாப் போறது தூணுக்கும் தூணுக்கும் நடுவுல சார். அவருட்ட சொல்லிருங்க."

அவன் போன பிறகு திருமலாச்சாரியார் இழுப்பறையிலிருந்து நுழைவுச் சீட்டின் மாதிரி ஒன்றை எடுத்து, முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அச்சகத்துக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னார்.

அடுத்த ஆண்டு நுழைவுச் சீட்டின் பின்பக்கம் வெறுந்தாளாக வந்தது.